அம்சவேணியின் பின்னால் வந்த கட்டில்

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வாலாஜாபாத் ரோட்டில் தனசேகரனின் பழைய மரச்சாமான் கிடங்கிலிருந்து ஒரு தேக்குமரக் கட்டில் கிளம்பி, தன்னை விலைகூடக் கேட்காத ஒரு பெண்ணின் ஸ்கூட்டிக்குப் பின்னால் காஞ்சிபுரத்தைக் குறுக்கே கடந்து, ஓரிக்கை வரைக்கும் நடந்தே போனது. இருவர் படுக்கிற கட்டில். கால் நான்கும் கடைசல் பிடித்தவை. தலைமாட்டில் இரண்டு அன்னங்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். முன்னங்கால்கள் சேர்ந்து ஓர் அடி, பின்னங்கால்கள் சேர்ந்து ஓர் அடி என்று, பல்லக்கு வருவது போலக் குலுங்காமல் வந்தது. அன்றைக்கு வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய். மறுநாள் முகூர்த்தம் என்பதால் மல்லி மட்டும் கையில் பிடிக்க முடியாத விலை.

அந்தப் பெண் அம்சவேணி. வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது வேலை. முன்பு கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தவள், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டாள். அவள் போட்ட மாங்காயும் யாளியும் இல்லாமல் சுற்றுவட்டாரத்தில் முகூர்த்தங்கள் குறைவு. அவளுக்கு மட்டும் நடக்கவில்லை. முதலில் ஜாதகத்தில் செவ்வாய் இருந்தது, பிறகு அப்பா வாதத்தில் படுத்தார், அவர் போன பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் தேவேந்திரன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் கூடம் முழுக்கத் தறி. தறிக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். வருகிறவர்களுக்கென்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, வீட்டு ஆட்கள் அதில் உட்கார்ந்தால் வந்தவர்கள் நிற்க வேண்டியிருக்கும். அம்சவேணி தூணுக்கும் தறிக்கும் நடுவில் பாய் போட்டுத்தான் இத்தனை வருஷமும் தூங்கினாள். திரும்பிப் படுத்தால் தறிக்கால் இடிக்கும் என்பதால், தூக்கத்தில்கூடத் திரும்பாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

கொரோனா ஓய்ந்ததும் ஓரிக்கையில் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வீடு கட்டினாள். வைகாசியில் பால் காய்ச்சினாள். தேவேந்திரன் குடும்பத்தோடு வந்து பாலைக் குடித்து, சுவரைத் தட்டிப் பார்த்து, நல்லாத்தான் கட்டியிருக்கிறான் என்று மேஸ்திரியைப் பாராட்டினார். பிறகு, "சரி, வாடகைக்கு வுட்டுட்டு நீ வூட்டுக்கு வந்துடு" என்றார். அவர் கெட்டவர் அல்ல. தங்கைக்கு ஒரு வீடு என்று தனியாக ஒன்று இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அம்சவேணி டம்ளர்களைக் கழுவினாள். வீட்டுக்குப் போகவும் இல்லை. புது வீட்டில் வெறும் தரையில் பாயை விரித்து, அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் உருண்டு பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை. சிரிப்பாக வந்தது, அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவள் சாமான் வாங்கக் கிளம்பியது.

தனசேகரன் கிடங்கைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் இல்லை. சென்னையில் இடிக்கிற பங்களா, மூடிய கிளப், பாகம் பிரிந்த பெரிய குடும்பம் என்று எங்கே பழைய சாமான் விழுந்தாலும் அங்கே அவர் லாரி நிற்கும். அவருடைய அப்பா அந்தோணி அதே சாமான்களை ஏலக்காரர்களுக்காகத் தலையில் சுமந்தவர். சுமந்த நாற்காலி ஒன்றிலாவது உட்கார அவரை யாரும் விட்டதில்லை. அதனால் தனசேகரனுக்கு ஒரு பழக்கம். எந்த நாற்காலி வந்து இறங்கினாலும் முதலில் தான் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார், பிறகுதான் அது விற்பனைக்குப் போகும். ஐம்பது வயது, மனைவி இறந்து வெகுகாலம். மகள் ஏஞ்சல் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பழைய மரம் ஆடிக் காற்றில் கொஞ்சம் நடமாடும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புதிதல்ல. வாசலோரம் இருக்கிற சாமான்களை மட்டும் அவர் கயிறு போட்டுக் கட்டி வைப்பார். கிடங்கின் உள்ளே ஒரு பெல்ஜியம் கண்ணாடி இருந்தது, அதில் நம் முகம் தெரியாது, நமக்கு முன்னால் பார்த்தவர் முகம்தான் தெரியும். அதை மலிவாகவே கொடுத்துவந்தார், ஆனாலும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அம்சவேணி புடவையைப் பார்ப்பது போலவே மரத்தைப் பார்த்தாள். அதாவது, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு அலமாரியையும் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னாள், இழுப்பறைகளை உருவிக் கவிழ்த்தாள், மூலைக்குள் மூக்கை விட்டு மோந்தாள், பொடி உதிர்கிற துளை இருக்கிறதா என்று விரலால் தடவினாள். தனசேகரன் பின்னாலேயே கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

"இந்த மேசை ஆற்காட்டு நவாபு ஜமீன்ல இருந்து வந்ததும்மா. நவாபு இதுமேல வெச்சுத்தான் கையெழுத்துப் போடுவாரு."

அவள் மேசையைத் திருப்பினாள். "பின்னாடி ஆணியெல்லாம் பளபளன்னு இருக்குதே. நவாபு போன வாரம் வந்து அடிச்சிட்டுப் போனாரா?"

மற்ற வியாபாரிகளாக இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். தனசேகரன் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, நல்ல சாமான்களெல்லாம் பின்கட்டில் இருக்கின்றன என்று தானே கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே அவள் நிறைய இழுப்பறை வைத்த ஒரு மேசையும், பிரம்பு பின்னிய ஒரு நாற்காலியும், பலாமரத்தில் ஓர் அலமாரியும், ஒற்றை ஆள் படுக்கிற ஒரு குறுகலான கட்டிலும் எடுத்தாள். திரும்பும்போது வாசலோரம் நின்ற பெரிய கட்டிலின் அன்னத்தின் மேல் கையை வைத்து, இறகுக் கோடு எப்படிப் போயிருக்கிறது என்று தொழில் பழக்கத்தில் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. எடுத்த சாமான்களை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். கட்டில் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் வந்தது.

காஞ்சிபுரம் கோயில் ஊர். வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு வாகனம் தெருவில் வந்துகொண்டே இருக்கும். ஜனங்கள் பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பூக்காரி ஒரு முழம் மல்லியை அன்னங்களின் கழுத்தில் சுற்றினாள், அன்றைய விலைக்கு அது பெரிய மனசு. காந்தி ரோட்டில் வெளியூர்க் காரைக் கண்டால் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டுகிற புடவைக் கடைத் தரகர்கள், கட்டில் கடக்கும்வரை கைகட்டி நின்றார்கள். ரங்கசாமி குளத்தருகே போக்குவரத்துக் காவலர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே யோசித்து, கடைசியில் ஒரு மணல் லாரியை நிறுத்திவிட்டுக் கட்டிலை அனுப்பினார். ரிட்டயர்டு தபால்காரர் உமாபதி, முட்டிவலிக்காரர், ரேஷன் கடையிலிருந்து பையோடு வந்தவர், கட்டில் தன் பக்கமாக வருவதைப் பார்த்து ஏறி உட்கார்ந்துகொண்டார். தன் தெருமுனை வந்ததும் மரத்தைத் தட்டி, "இங்க நிறுத்துப்பா" என்றார். நின்றது. இறங்கிப் போனார்.

இதையெல்லாம் அம்சவேணி ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வேகத்தைக் கூட்டினாள். கட்டில் ஓட்டமாக வந்தது. ஓரிக்கைக்கு வந்து இறங்கி, கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கட்டில் வாசல் வரைக்கும் வந்து, நிலைப்படியில் தலைமாட்டை வைத்துப் பார்த்து, நுழையாது என்று தெரிந்ததும் பக்கவாட்டாகத் திரும்பி வேப்பமரத்தடியில் நின்றது. அவள் தனசேகரனுக்கு போன் போட்டாள்.

"ஏங்க, உங்க கட்டிலு எங்க வாசல்ல வந்து நிக்குது."

"அன்னம் போட்டதா?"

"அதேதான். வந்து இட்டுக்கினு போங்க."

"உள்ள வந்துடுச்சா?"

"கதவு அகலம் பத்தல."

"நல்ல வேளை" என்றார் தனசேகரன். "உள்ள பூந்துச்சுன்னா அப்பறம் என் பேச்சைக் கேக்காது."

டாடா ஏஸ் எடுத்துக்கொண்டு வந்து அதை ஏற்றிப்போனார். மறுநாள் விடிந்ததும் அது திரும்ப வேப்பமரத்தடியில் நின்றது. மறுபடி வந்தார், மறுபடி ஏற்றினார், மறுபடி திரும்பியது. இரும்புச் சங்கிலி போட்டார், சங்கிலியை இழுத்துக்கொண்டே வந்தது, வழியில் ஒரு வாழைப்பழ வண்டியின் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ள, வண்டிக்காரரும் கூடவே ஓரிக்கை வரைக்கும் வந்து அங்கேயே வியாபாரம் முடித்துவிட்டுப் போனார். தென்னேரியில் ஒரு பெரிய வீட்டுக்காரருக்கு அதை விற்றும் பார்த்தார். அங்கிருந்து அது ஏரியைச் சுற்றி வராமல் நேராக ஏரிக்குள் இறங்கி நீந்தி வந்ததால், ஓரிக்கைக்கு வந்தபோது கால்களில் பாசியும், பலகை இடுக்கில் உயிரோடு ஒரு கெண்டை மீனும் இருந்தன. மீனைப் பக்கத்து வீட்டு அன்னம்மாள் குழம்பு வைத்தாள். தென்னேரிக்காரருக்கு வேறொரு கட்டிலை இறக்கிக் கொடுத்துவிட்டுத் தனசேகரன் வந்து வேப்பமரத்தடியில் கட்டில் மேலேயே உட்கார்ந்தார். வெளியே உட்கார வேறு இடம் கிடையாது. அம்சவேணி வாசலுக்கு உள்ளே பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவருக்கு ஒரு காபி நீட்டினாள்.

ஆவணியிலிருந்து ஐப்பசி வரைக்கும் அவர் எத்தனை தடவை ஓரிக்கைக்கு வந்தார் என்று யாரும் எண்ணவில்லை. முதலில் கட்டிலை எடுத்துப்போக வந்தார், பிறகு கட்டிலை எடுத்துப்போவது எப்படி என்று யோசிக்க வந்தார், பிறகு மழைக்குத் தார்ப்பாய் போட வந்தார். நவாபு கதைகளை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவள் தறிக்கால் இடிக்காமல் தூங்கிய கதையைச் சொன்னாள், அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. ஏஞ்சல் ஒரு நாள், "அப்பா, நீ கட்டில கொண்டாரப் போறியா, இல்ல கட்டிலோட அங்கயே நின்னுடப் போறியா? சொல்லிட்டின்னா நான் ஒரு ஆளுக்கு மட்டும் சமைப்பேன்" என்றாள். அவருக்குக் காது சிவந்துபோனது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரத்தில், கட்டில் துளிர்த்தது. நாலு மூலையிலும் கம்பு விட்டு, முறம் மாதிரி தேக்கிலைகள் விரித்து, தார்ப்பாய் தேவையில்லாமல் தனக்குத் தானே கூரை போட்டுக்கொண்டது. தெருவில் இருந்தவர்கள் மழைக்கு அதன் கீழே ஒதுங்கி நின்றார்கள். இலையில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று அன்னம்மாள் கேட்டு நாலு இலை பறித்துக்கொண்டு போனாள்.

சேதி பிள்ளையார்பாளையத்துக்குப் போனது. தேவேந்திரன் தறியை நிறுத்திவிட்டு வந்தார். வாசலில் இரண்டு பேர் படுக்கிற கட்டிலையும், அதில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்த தனசேகரனையும் பார்த்தார். அவரைப் பார்த்ததும் தனசேகரன் எழுந்து, வணக்கம் சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஊரே சிரிக்குது. கல்யாணமாவாத பொம்பள வாசல்ல இதெல்லாம் இன்னாது?"

"அதுவா வந்துதுண்ணா."

"அந்தாளும் அதுவா வர்றானா? அவன் யாரு, எந்த ஆளுங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியும். கட்டிலு விக்கிறவரு."

"வேதக்காரன். நம்ம ஆளுங்களும் கெடையாது. அவங்கப்பன் தலையில மூட்டை தூக்கினவன்."

"நம்மப்பா தோள்ல தறிக்குப் பாவு தூக்கினாரு" என்றாள் அம்சவேணி.

தங்கை எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. பின்னால் எது இருக்கிறது என்று பாராமல் உட்கார்ந்தார். கட்டில் கிளம்பியது. இலைகள் சலசலக்க, மேற்கே திரும்பி, முதலில் நடையும் பிறகு ஓட்டமுமாக, தேவேந்திரன் இரண்டு அன்னங்களின் கழுத்தையும் பிடித்துக்கொண்டு "நிறுத்து, நிறுத்துங்கறேன்" என்று கூவக் கூவ, ஊருக்குள் புகுந்து, பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் அவரை மெதுவாகச் சாய்த்து இறக்கிவிட்டு, ஓரிக்கைக்குத் திரும்பியது. வழியில் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் அவர் மடியில் தேங்காய்மூடி வைத்தார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. அவமானப்பட்ட மனுஷன் அன்று சாயங்காலமே சொல்லியனுப்பினார். ஒன்று, கட்டிலை வெட்டி விறகாக்கி, அந்த ஆள் வராமல் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். இல்லையென்றால் இனிமேல் நல்லது கெட்டது எதற்கும் வாசல்படி மிதிக்கக்கூடாது. தீபாவளி வந்தது. பிறந்ததிலிருந்து அண்ணன் கையால் புதுத்துணி வாங்கியவளுக்கு அந்த வருஷம் துணி வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பழைய புடவையை உடுத்தி, தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுகை கோபமாக மாறியது. வெளியே வந்து கட்டிலின் முன்னால் நின்றாள்.

"எனக்கு இன்னா வேணும்னு எல்லாரும் அவங்கவங்களே முடிவு பண்றாங்க. நீயுமா? உன்னை நான் கேட்டேனா? திரும்பியாவது பாத்தேனா?"

கட்டில்கள் பேசுவதில்லை. ஆனால் கேட்ட கேள்வி அவள் காதிலேயே நின்றது. உண்மைதான், அதை அவள் பார்க்கவே இல்லை. அத்தனை சாமானையும் திருப்பிப் போட்டுப் பார்த்தவள், இரண்டு மாதத்துக்கு மேலாக வாசலில் நிற்கிற ஒன்றைப் பார்க்காமல் விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். ஒவ்வொரு சட்டத்தையும் தட்டினாள். சத்தம் கெட்டியாக வந்தது. ஒரு ஆணி கிடையாது, மரத்துக்குள் மரம் பொருந்திப் பூட்டியிருந்தது. உளுத்த துளை இல்லை, ஒட்டு இல்லை. பின்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், செதுக்கினவர் அன்னங்களின் வாலையும் முழுசாகச் செதுக்கியிருந்தார். அவள் மல்லாந்து கிடந்தபடி அதையே வெகுநேரம் பார்த்தாள். தெருவில் பட்டாசு வெடித்தது. அப்போது இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"தீபாவளியா இருக்குதே, கட்டிலப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றது தனசேகரனின் குரல். கையில் ஸ்வீட் பெட்டி.

அவள் வெளியே வராமலே கேட்டாள். "சர்க்கரை இருக்குதா?"

"காபிக்கா?"

"உங்களுக்கு. உடம்புல."

"இருக்குது. மாத்திரை போடறேன்" என்றார்.

"குடிப்பீங்களா?"

"கிறிஸ்மஸ்க்கு. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"பாட்டெல்லாம் பாடுவேன். அதுக்கு மேல இல்ல."

"குறட்டை?"

"ஏஞ்சல் கதவ சாத்திக்கினுதான் படுப்பா."

"கோவம் வந்தா?"

தனசேகரன் இதற்கு மட்டும் கட்டில் மேல் உட்கார்ந்து யோசித்தார். "சாப்பிடாம இருப்பேன். மத்தியானம் வரைக்கும். அப்பறம் பசிக்கும்."

கட்டிலுக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் இருமி, தூசியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் ஒரு தேக்கிலை ஒட்டியிருந்தது. அவர் அதை எடுக்கக் கையை நீட்டிவிட்டு, எடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அவளே எடுத்தாள்.

"நாளைக்கு ஒரு மேஸ்திரிய இட்டுக்கினு வாங்க. வாசல இடிக்கணும்."

"புது சுவராச்சே."

"ஆமா. நான் கட்டினது, நான் இடிக்கிறேன்."

"எவ்ளோ அகலம் வேணும்?"

அம்சவேணி கட்டிலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ரெண்டு பேரு அகலம்" என்றாள்.

மேஸ்திரி வந்து இடித்தார். சுவர் இடிந்த புழுதி அடங்குவதற்குள், கட்டில் தன் இலைகளை ஒடுக்கிக்கொண்டு, கதவு வைக்கும்வரை காத்திராமல், உள்ளே நடந்துபோய் அறையின் நடுவில் நின்றது. வேறெங்கும் அதை நகர்த்த முடியவில்லை. குறுகலான கட்டிலை அம்சவேணி அன்னம்மாளுக்குக் கொடுத்தாள். கார்த்திகையில் சார்பதிவாளர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. ஏஞ்சலும் அன்னம்மாளும் தபால்காரர் உமாபதியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஏஞ்சல் சம்பளத்தில் வாங்கிய புடவையைத்தான் அம்சவேணி கட்டியிருந்தாள். அது அம்சவேணியே எப்போதோ போட்ட டிசைன், ஏஞ்சல் கடையில் அது தெரியாமல் எடுத்தது. இவள் வெள்ளிக்கிழமை ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனாள், அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார், சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து ஏலத்துக்குப் போனார்கள். அவர் கதை சொல்வார், அவள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். வியாபாரம் ஏறியது. அம்சவேணி தூக்கத்தில் உருளக் கற்றுக்கொண்டாள், சில நாள் அவரையே தள்ளிவிடும் அளவுக்கு.

பிள்ளையார்பாளையத்திலிருந்து முதலில் வந்தது அண்ணி நீலாம்பாள். வீட்டில் சொல்லாமல், மார்கழியில் ஒரு மத்தியானம், கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்தாள். உள்ளே வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். "படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் அவள் முதுகு தரையில் பட்டதில்லை, காலையில் தறிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். தூங்கட்டும் என்று அம்சவேணி ஜன்னலைச் சாத்தினாள். பொழுது சாயும் நேரத்தில், பெண்டாட்டியைக் கோயில் கோயிலாகத் தேடியலைந்த தேவேந்திரன் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். அகலமான வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றார்.

"உள்ள வாண்ணா."

அவர் எட்டிப் பார்த்தார். "அது... கட்டிப் போட்டிருக்கியா?"

"ஒண்ணும் பண்ணாது. அண்ணி தூங்குறாங்க, சத்தம் போடாம வா."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக, கட்டிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நடந்து வந்தார். தனசேகரன் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டார். தேவேந்திரன் அதை முதலில் காலால் தொட்டு, அது அசையாததைப் பார்த்து, நுனியில் உட்கார்ந்தார். நீலாம்பாள் வாயைத் திறந்தபடி, புன்னகையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தனசேகரன் காபி கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஆறுவதற்குள் எடுத்துக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எழுப்பாதீங்க. நான் அப்பறமா வந்து இட்டுக்கினு போறேன்" என்றார். வாசல் வரைக்கும் போனவர் நின்று, "தைப்பொங்கலுக்கு வாங்க" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். ஒரு ஆளைக் கூப்பிட்டாரா, இரண்டு பேரையா என்று அம்சவேணி யோசித்தாள். பிறகு, இரண்டு பேரும் போனார்கள். அண்ணன் வீட்டில் மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி புதிதாக வாங்கி வைத்திருந்தது.

சித்திரை வெயில் ஏறியதும் அந்தக் கட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வெளியே கிளம்ப ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டு அம்சவேணியும் தனசேகரனும் கண்ணயர்ந்த பிறகு, அவர்களைச் சுமந்துகொண்டு, வாசலைத் தாண்டி, தேக்கிலை நிழல் விரித்து, பாலாற்றங்கரைக் காற்றுக்கு நடந்து போகும். வெயில் தாழ்ந்ததும் திரும்பும். ஓரிக்கை ஜனங்கள் அந்த நேரத்தில் நடுரோட்டில் வண்டி நிறுத்துவதில்லை. ஒரு ஞாயிறு உத்திரமேரூர் பஸ் எதிரே வந்து, போக இடமில்லாமல் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கப் போனார். கண்டக்டர் திரிஷா, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வேண்டாம் என்று அவர் கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யக்கா, கொஞ்சம் ஓரமா" என்றாள். அம்சவேணி கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் தொங்கவிட்டுச் சட்டத்தை இரண்டு தட்டு தட்டினாள். கட்டில் இடதுபக்கம் ஒதுங்கியது. தனசேகரனின் குறட்டை கொஞ்சம் நின்று மறுபடி தொடங்கியது. பஸ் போனது.